ஜெனோவாவுக்கு ஒரு சிக்கனத் திட்டம்

எதையும் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதிவிட்டால் அது பாதி நடந்து முடிந்த மாதிரிதான் என்று நம்புகிற ஆள் நான். தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்ததால் வந்த வியாதி இது. எந்த மெஷினுக்கு எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும், எந்த பெல்ட் எந்த மாதம் அறுந்துபோகும் என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு கட்டம் இருக்கும். (பெல்ட் ஒருநாளும் அந்தக் கட்டத்தைப் படித்ததில்லை.) என் வாழ்க்கையில் நான் போட்ட கட்டங்களிலேயே அழகானது 1991-ல் போட்டது. இத்தாலி நாட்டில் ஜெனோவா என்ற துறைமுக நகரத்தில் தொண்ணூறு நாள் கைக்காசு செலவழிக்காமல் வாழ்வது எப்படி என்பதற்கான கட்டம் அது. மூன்று கலர் பேனா, ஸ்கேல் வைத்து அடித்த கோடு. அந்த நோட்டை என் மனைவி கஸ்தூரி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். என்னைப் பாராட்டுவதற்காக அல்ல.

அப்போது நாங்கள் குன்றத்தூரில் ஏழு குடித்தனம் இருந்த ஒரு வரிசை வீட்டில் மூன்றாவது போர்ஷனில் இருந்தோம். ஏழு குடித்தனத்துக்கும் பின்பக்கம் ஒரே ஒரு பாத்ரூம். விடியற்காலையில் அதன் வாசலில் மனிதர்களுக்குப் பதிலாக பக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். பச்சை பக்கெட் கோடி வீட்டு டீச்சர், நசுங்கிய அலுமினிய பக்கெட் பால்காரர் வீடு, நீல பக்கெட் நாங்கள். நடுவில் யாராவது பக்கெட்டை நகர்த்திவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச்சுவார்த்தை இருக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கஸ்தூரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனுக்கு நகை நட்டு எதுவும் வேணாங்க. நமுக்குன்னு ஒரு பாத்ரூம் மட்டும் கட்டிக் குடுத்துடுங்க."

வீட்டுக்காரரும் நல்ல மனுஷர். "உன் போர்ஷன் பின்னாடி எடம் கீது, உன் செலவுல கட்டிக்கோ" என்று சொல்லியிருந்தார். இடம் இருந்தது, அனுமதி இருந்தது. என்னிடம் என்ன இல்லை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த எங்கள் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து பல்சக்கரம் வெட்டும் மெஷின் ஒன்று வந்தது. அதைப் பொருத்தித் தருவதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவரும் கூடவே வந்தார். பெயர் பியெத்ரோ. ஸ்டோர்ஸில் இருந்த என் சிநேகிதன் அருளப்பன் வேதக்காரக் குடும்பம். "அது வேற ஒண்ணுமில்ல மச்சான், நம்ம பேதுருதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அதிலிருந்து தொழிற்சாலை முழுக்க அவர் பேதுரு சார்தான். ஆறு வாரம் நான்தான் அவருக்குக் கையாள். அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை இங்கிலீஷ். இரண்டு அரை சேர்ந்து ஒன்றாகும் என்று நினைத்தால் தப்பு. ஆனாலும் ஸ்பானரைக் காட்டிக் காட்டியே ஒருவருக்கொருவர் நன்றாகப் பழகிவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். கஸ்தூரி பிரியாணி செய்திருந்தாள். மனுஷர் கண்ணில் தண்ணீர் வடிய வடிய மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. எல்லா நாட்டிலும் அந்த முகத்துக்கு ஒரே அர்த்தம்தான். நான் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வரிசையில் ஐந்து பக்கெட். டீச்சர் பெரிய மனதோடு தன் பச்சை பக்கெட்டை ஒதுக்கி வழிவிட்டார். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை அவருக்கு இங்கிலீஷில் விளக்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு குடித்தனமும் கொஞ்சம் தள்ளி நின்று அவர் வெளியே வருவதைப் பார்த்தது.

அன்று ராத்திரி சோறு போடும்போதுதான் கஸ்தூரி சொன்னாள்: "வூட்டுக்கு வந்த மன்சனை இப்டி நிக்க வெச்சிட்டமே. மானமே போச்சி."

பேதுரு சாருக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஜெனோவாவுக்கு எப்போதாவது வந்தால் என் வீடு உன் வீடு" என்றார். நான் அதை அப்படியே மனதில் எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்ட மாதிரி வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்த மெஷினைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள ஒருவரை மூன்று மாதம் ஜெனோவாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆறு வாரம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த தகுதியில் என் பெயர் வந்தது. பர்சனல் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் சண்முகம், ரெண்டு வழி இருக்கு. கம்பெனியே ஓட்டல்ல ரூம் போட்டுக் கொடுக்கும், சாப்பாட்டுக்கு மட்டும் கையில பணம். இல்லேன்னா தங்கறதுக்கும் சேர்த்து தினப்படி மொத்தமா உங்க கையில. மிச்சம் பிடிச்சா உங்களுக்கு. ஆனா எடம் நீங்களே பார்த்துக்கணும். யோசிச்சு சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. நின்ற நிலையிலேயே இரண்டாவது வழிக்குக் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தவர் இருக்கிற ஊரில் போய் ஓட்டலில் தங்குவதா? எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்தால் அந்தத் தெரிந்தவர் ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மெட்ராஸுக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், பரீட்சை எழுத வருகிறவர்கள், சும்மா பீச் பார்க்க வருகிறவர்கள் என்று எங்கள் ஒன்றரை அறையில் மாதக்கணக்கில் தங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் யாருமே எங்களைக் கேட்டுவிட்டு வந்ததில்லை.

அன்றைக்கே நோட்டை எடுத்தேன். முதல் கட்டம் தங்குமிடம்: பேதுரு சார் வீடு. செலவு: இல்லை. இரண்டாவது கட்டம் சாப்பாடு. கஸ்தூரியின் அண்ணன் வாலாஜாபாத்தில் பயிர் வைத்திருந்தார். அரிசி அங்கிருந்து. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம், ஊறுகாய் வீட்டிலிருந்து. செலவு: இல்லை. மூன்றாவது கட்டம் போக்குவரத்து: நடை.

மிச்சத் திட்டத்தைக் கம்பெனி பஸ் போட்டது. குன்றத்தூரில் ஏறினால் தொழிற்சாலை வரும்வரை கடைசி ஸீட்டில் ஜெனோவாதான் பேச்சு. அந்த பஸ்ஸில் இருந்த யாரும் அதுவரை ஆந்திராவைத் தாண்டியதில்லை. ஆலோசனைக்கு அது ஒரு தடையாகவே இல்லை.

"கம்பளிச் சட்டை ஒண்ணு வாங்கணுமோ?" என்று நான் கேட்டேன்.

அருளப்பன் சிரித்தான். "இன்னா மச்சான் நீ. அது கடல் ஓரத்து ஊரு. மெட்ராஸ்ல யார்னா ஸ்வெட்டர் போட்டுகினு கீறாங்களா? கடல் பக்கம்னாவே புழுக்கம்தான். காட்டன் சட்டையா எடுத்துக்கினு போ."

எவ்வளவு சரியான விஞ்ஞானம். ஸ்வெட்டர் என்று பென்சிலில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் விசிறி என்று எழுதினேன். கடலோர ஊர் என்பதால் மீன் கொள்ளை மலிவாக இருக்கும், விடியற்காலையில் கரைக்குப் போய்விட்டால் வலை பிரிக்கிறவர்கள் சும்மாவே கொடுத்துவிடுவார்கள் என்றான் இன்னொருவன். அதையும் எழுதிக்கொண்டேன்.

பேதுரு சாருக்கு ஒரு கடிதம் போட்டேன். ஆபீஸ் டைப்பிஸ்ட்டிடம் சொல்லி அடித்தது. நான் இன்ன தேதியில் வருகிறேன், தொண்ணூறு நாள் உங்களோடு இருப்பேன், என்னால் உங்களுக்கு ஒரு சிரமமும் இருக்காது, அரிசி என்னுடையது, படுப்பதற்கு ஓர் ஆள் நீளம் இடம் இருந்தால் போதும். இதுதான் சாரம். பதில் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. வருகிறோம் என்று கடிதம் போட்டால் பதில் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வீட்டில் சாவு கீவு என்றால் தந்தி வரும். தந்தி வராதவரை வரலாம் என்றுதான் அர்த்தம்.

கிளம்புகிற முதல் நாள் கஸ்தூரி பெட்டி அடுக்கினாள். தீபாவளிக்கு நான் ஊரில் இருக்கமாட்டேன் என்பதால் புது வேட்டி சட்டைக்கு மஞ்சள் வைத்துக் காகிதத்தில் சுற்றினாள். கூடவே ஒரு பாட்டில் நல்லெண்ணெய், ஒரு பொட்டலம் சீயக்காய்த் தூள், குளிக்கிற பிளாஸ்டிக் சொம்பு.

"அங்க யாரும் இல்லன்னு சும்மா இருந்துடாதீங்க. விடிகாலைல எழுந்து தலைக்கு எண்ணெய் வெச்சிக் குளிச்சிட்டு துணி கட்டுங்க" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கொத்தனாரை வர வெச்சிக் கேட்டுட்டேங்க. தை பொறந்தா ஆரம்பிச்சிடலாம்னாரு" என்றாள். பின்பக்கச் சுவரில் அவள் கரித்துண்டால் நான்கு கோடு போட்டு வைத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பம்ப் ஸ்டவ்வையும் எடுத்துக்கொண்டு போனேன். மீனம்பாக்கத்தில் அதை உள்ளே விடவில்லை. வழியனுப்ப வந்த அருளப்பன் வாங்கிக்கொண்டு போனான். இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது.

ஜெனோவா கடலோர ஊர்தான், ஆனால் மெட்ராஸ் மாதிரி படுத்துக் கிடக்கிற ஊர் இல்லை. மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அதன் மேல் வீடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பேதுரு சாரின் விலாசத்துக்குப் போக நூற்றுக்கணக்கில் கல்படி ஏற வேண்டியிருந்தது. அதற்கப்புறம் நாலு மாடி. தோளில் அரிசி மூட்டை, கையில் டிரங்குப் பெட்டி, உடம்பில் காட்டன் சட்டை, கடலிலிருந்து வீசிய காற்றில் பல் கிடுகிடு என்று அடித்தது. அருளப்பனை மனதுக்குள் நான் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது.

கதவைத் திறந்த பேதுரு சார் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் மூட்டையைப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி லூச்சியா, பெரிய பெண்கள் இருவர், மாமனார் என்று அவரோடு சேர்த்து ஐந்து பேர் இருந்த சின்ன வீடு. எல்லோரும் அன்பாக வரவேற்று ராத்திரிச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டு முடிந்தது. காபி வந்தது. அதுவும் முடிந்தது. நான் கிளம்புவேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவர்கள் பாய் போடுவார்கள் என்று நான் காத்திருந்தேன். மாமனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் மரியாதைக்குப் பார்த்து, நல்ல கடிகாரம் என்றேன்.

கடைசியில் லூச்சியாதான் எழுந்து போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்து சமையலறைப் பெஞ்சில் போட்டார். பேதுரு சார், துறைமுகத்துப் பக்கம் நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்று ஏதோ ஆரம்பித்தார். நான் பெருந்தன்மையோடு கையமர்த்தி, "பரவாயில்லை சார், எனக்கு இந்தப் பெஞ்சே போதும்" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்று எனக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. திட்டத்தின் முதல் கட்டத்துக்கு நேராக டிக் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

பேதுரு சார் ஒவ்வொரு சனிக்கிழமையும் பேப்பரில் ஒரு பக்கத்தை மடித்து என் பக்கமாக வைப்பார். வாடகை அறை விளம்பரங்கள் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அவர் இத்தாலி பாஷை கற்றுத்தர ஆசைப்படுகிறார் என்று நினைத்து உரக்க வாசித்துக் காட்டினேன். லூச்சியா என் தாளிப்பு வாசனைக்கு ஜன்னலைத் திறப்பார், குளிருக்கு மாமனார் மூடுவார். மாமனார் தன் பழைய கோட்டை எனக்குக் கொடுத்தார். அதுவும் செலவில்லாமல் வந்ததால் நோட்டில் குறித்துக்கொண்டேன். வலை பிரிக்கிறவர்களைத் தேடி ஒருநாள் கரைக்குப் போனேன். அங்கே கரையே இல்லை, மாடி மாடியாகக் கப்பல்தான் நின்றது.

அந்த வீட்டிலும் ஒரே பாத்ரூம்தான். காலையில் இரண்டு பெண்களும் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்பார்கள். பெரியவள் உள்ளே இருந்தால் சின்னவள் கதவைத் தட்டுவாள். பக்கெட் மட்டும்தான் இல்லை. ஆறாவது ஆளாக நானும் வரிசையில் போய் நின்றேன். கஸ்தூரிக்குத் தனியாக ஒரு பாத்ரூம் வேண்டும் என்பதற்காக இரண்டு பெண் பிள்ளைகளை வெளியே நிற்க வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் போன மூன்றாவது வாரம் தீபாவளி வந்தது.

மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். அங்கே வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டி. அதற்குள் இறங்கித்தான் அவர்கள் குளிப்பார்கள், அத்தனை நாள் நானும் அப்படித்தான் குளித்தேன். ஆனால் லூச்சியா தினமும் முட்டி போட்டு அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெயும் சீயக்காயுமாக அதில் இறங்கினால் அந்த அம்மா என்ன பாடுபடுவார் என்று என் மனசாட்சி கேட்டது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு என் மனசாட்சி வாயைத் திறந்தது அன்று ஒருநாள்தான். திறக்காமலே இருந்திருக்கலாம்.

தரை துடைக்கிற பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, தொட்டிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். கஸ்தூரி கொடுத்த சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினேன். தரையில் தண்ணீர் போகிற ஓட்டை எங்கே என்று நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? பாத்ரூம் என்றால் ஓட்டை இருக்கும். குன்றத்தூரில் தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம் பார்த்திருக்கிறேன், கூரை இல்லாத பாத்ரூம் பார்த்திருக்கிறேன், ஓட்டை இல்லாத பாத்ரூம் பார்த்ததில்லை. ஊற்றிய தண்ணீரும் தேங்காமல் தொட்டிக்கு அடியில் எங்கேயோ போய்க்கொண்டுதான் இருந்தது. ஓட்டையைப் பார்வைக்குத் தெரியாமல் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று வியந்தபடி ஆறு பக்கெட் குளித்தேன். நாளும் கிழமையும் ஆயிற்றே.

புது வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்து கடவுளை நினைத்துக் கும்பிட்டபோது வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

கீழ்வீட்டுப் பெரியவர். முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்தவராம், தனியாக இருக்கிறவர். தூக்க உடுப்பு முழுக்க நனைந்து, நெற்றியிலிருந்து பச்சையும் பழுப்புமாக வழிந்துகொண்டிருந்தது. கையில் சுண்ணாம்புக் காரையில் செய்த ஒரு சின்னச் சிறகு. அந்த ஊர்ப் பழைய வீடுகளில் உள்கூரையில் தேவதைகளை வரைந்தும் வடித்தும் வைத்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் படுக்கைக்கு நேர் மேலே இருந்த தேவதையின் சிறகு என் ஐந்தாவது பக்கெட்டில் கழன்று விழுந்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. தன் சட்டைக் கையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து பேதுரு சாரிடம் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்கிறார்?" என்றேன்.

"இது என்ன மசாலா என்று கேட்கிறார்" என்றார் பேதுரு சார்.

எல்லோரும் கீழே போய்ப் பார்த்தோம். கூரையில் பாதி மெத்தைமேல் கிடந்தது. சிறகு போன தேவதை ஒன்று மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. புது வேட்டி சட்டையோடு, நெற்றியில் பொட்டோடு நான் நடுவில் நின்றேன். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக எப்போதும் இருந்ததில்லை. அதைவிட, குன்றத்தூரில் பின்பக்கச் சுவரில் இருந்த கரிக்கோடுகள் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

"நான் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். பேதுரு சார் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். லூச்சியா அவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், பிறகு நிதானமாக, "நல்லது" என்றார். அந்த வீட்டில் விவரமான ஆள் அவர்தான்.

கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து பார்த்தார். கீழ்வீட்டுக் கூரையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, மேலே பாத்ரூம் தரையைப் பெயர்த்துக் குழாய் பதித்து, தண்ணீர் போக ஓட்டை வைத்துப் புதுசாக ஓடு பதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தரையைப் பெயர்ப்பதோடு பெயர்ப்பதாக, மூலையில் இன்னொரு சின்னக் குளியல் இடத்தையும் தடுத்துவிட்டால் பெண்கள் காத்திருக்க வேண்டாமே என்று லூச்சியா சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. என் தினப்படி, நான் நடந்து மிச்சம் பிடித்தது, பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தது, இனி வரவேண்டியதில் சோற்றுக்குப் போக மீதி, எல்லாம் அந்தத் தரைக்குள் போனது. தொழிற்சாலை விட்டு வந்ததும் நானும் கொத்தனாருக்கு சிமெண்ட் கலவை எடுத்துக் கொடுத்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுத்த கைதானே.

என்னைத் துறைமுகத்துப் பக்கம் கப்பல் தொழிலாளர்களுக்காக மாதா கோயில்காரர்கள் நடத்துகிற விடுதிக்கு மாற்றினார்கள். முதல் நாள் பேதுரு சார் சொல்ல வந்த இடம் அதுதான். சுத்தமான அறை, வாடகை என்று சொல்லவே கூச்சப்படுகிற அளவு வாடகை, மாடிக்கு நாலு பாத்ரூம். ஒவ்வொன்றிலும் தரையில் ஓட்டை. மீதி நாளெல்லாம் அங்கே தனியாகக் குளித்தேன், வரிசையே இல்லாமல். ஒருநாளும் அது எனக்கு ருசிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போன அன்று அருளப்பன் ஸ்டோர்ஸ் மேஜை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான்.

"நீ போன நாலாம் நாளு வந்திச்சி மச்சான். அங்கதான அவரைப் பாக்கப் போற, இன்னாத்துக்கு அனுப்பிக்கினுன்னு வெச்சிட்டேன்."

பேதுரு சாரின் பதில். எங்கள் வீடு சிறியது, மன்னிக்கவும், துறைமுக விடுதியில் உனக்காக ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன், குளிராக இருக்கும், ஸ்வெட்டர் கொண்டுவா, மீன் இங்கே விலை அதிகம், சாப்பாட்டுக்கு நம் தொழிற்சாலைக் கேன்டீன் மலிவு, பஸ்ஸுக்கு மாத பாஸ் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் சாப்பிடு. தொண்ணூறு நாளைக்கான முழுத் திட்டமும் ஒரே பக்கத்தில், கட்டம் எதுவும் இல்லாமல் இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே, வீட்டுக்கு வந்த அன்றே, கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சுவரில் சாய்ந்தபடி கடைசிவரை கேட்டாள். தை பிறந்திருந்தது. கொத்தனார் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த வூட்டுப் பொம்பளைங்க இப்ப வெளில நிக்காத குளிக்கிறாங்களா?"

"ஆமா. ரெண்டு ஆயிடுச்சி இல்ல."

"சரி, வுடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். மூலையில் இருந்த நீல பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

போகிற வழியில் டீச்சர் அவளை மடக்கி, "இன்னா கஸ்தூரி, அவருதான் ஃபாரின்லேர்ந்து வந்துட்டாரே, பாத்ரூம் வேலை எப்ப?" என்று விசாரித்தது வீட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்டது.

"அது முடிஞ்சிடுச்சி டீச்சர்" என்றாள் கஸ்தூரி. "இத்தாலில கட்டிட்டாரு. கொஞ்சம் தூரம், அவ்ளோதான்."

பின்பக்கம் ஏழு குடித்தனமும் சிரித்தது. முதலில் சிரித்தது அவள்தான்.

எங்கள் போர்ஷனுக்குப் பின்னால் பாத்ரூம் வர இன்னும் மூன்று வருடமும் கணக்கில்லாத ஓ.டி.யும் ஆயிற்று. தரை போடுகிற அன்று கஸ்தூரி கொத்தனாரின் தலைமாட்டிலேயே நின்று, வாட்டம் பத்தாது, இன்னும் வாட்டம் வை என்று சொல்லிச் சொல்லித் தரையைச் சரிய வைத்தாள். அதில் பக்கெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் குளிக்க முடியும். இது நடந்தும் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் விடியற்காலையில் மண்டபத்துப் பாத்ரூம் வாசலில் வரிசை நிற்கும். நானும் தோளில் துண்டோடு போய்க் கடைசியில் நிற்பேன். யாராவது ஒரு மச்சினன் திரும்பிப் பார்த்து, "மாமாக்கு இன்னா, அவருக்கு இத்தாலில சொந்தமா ஒண்ணு கீது" என்பான். வரிசை மொத்தமும் சிரித்து முடிக்கும்வரை நான் துண்டைச் சரிசெய்தபடி நின்றுகொண்டிருப்பேன்.